முரளியும் முத்தையாவும்

விசுவமடுவில் ஆங்கிலம் படிக்கிற தம்பி, தங்கைமாரே! டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட் எடுத்த முத்தையா முரளிதரனைத் தெரியும்தானே? முத்தையா அவருடைய தகப்பனார் பெயர். முரளிதரன்தான் அவர் பெயர், கூட்டாளிகளுக்கு முரளி.

ஆங்கிலேயர் வழக்கம் வேறு. அவர்களுக்குச் சொந்தப் பெயர் முதலில், குடும்பப் பெயர் கடைசியில். அந்தக் குடும்பப் பெயரும் 1066இல் நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகுதான் மெல்ல மெல்ல நிலைத்தது.

அதனால் மின்னஞ்சல் கணக்குத் திறக்கும்போது முதற்பெயர் கேட்டால் உங்கள் பெயரையே எழுதுங்கள், தகப்பன் பெயர் கடைசிக் கட்டத்துக்கு. வெளிநாட்டுக் கூட்டாளிக்கு ‘ஹாய்’ போட்டு முதற்பெயர் எழுதலாம். முன்பின் அறியாத பெரியவர் என்றால் ‘டியர் மிஸ்டர்’, பிறகு குடும்பப் பெயர். பரீட்சை விண்ணப்பத்தில் மட்டும் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதவேணும்.