பாரந்தூக்கியும் தொடையெலும்பும்

நண்பர்களே, அடுத்த முறை வீட்டில் கோழிக்கறி சமைத்தால் ஒரு கால் எலும்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சதையை நீக்கிக் கழுவி, வினிகர் ஊற்றிய கண்ணாடிக் குவளையில் போட்டு வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை வினிகரை மாற்றி வந்தால், ஒரு வாரம் கழித்து எலும்பு ரப்பர்போல் வளையும்! கால்சிய உப்புகளை அமிலம் கரைத்துவிட்டது. எஞ்சி நிற்பது கொலாஜன் என்னும் புரத நார். எலும்பை நெருப்பில் சுட்டால் நடப்பது நேர்மாறு. நார் எரிந்து உப்பு மட்டும் மிஞ்சும். அது எளிதில் நொறுங்கிவிடும். (இதை நீங்கள் செய்ய வேண்டாம். நாற்றம் தாங்காது!)

உப்பு, நசுங்காமல் தாங்குகிறது. நார், இழுத்தாலும் அறாமல் பிடித்துக்கொள்கிறது. கான்கிரீட்டுக்குள் கம்பி வைத்துக் கட்டுகிறோமே, ஏறக்குறைய அதே ஏற்பாடு. ஆனால் கான்கிரீட் தன்னைத்தானே மாற்றிக் கட்டிக்கொள்ளுமா? எலும்பு செய்கிறது.

1866-ஆம் ஆண்டு சூரிச் நகரில் ஹெர்மன் ஃபொன் மேயர் என்ற உடற்கூற்றியல் பேராசிரியர், தொடையெலும்பின் மேல்முனையை நெடுக்காக அறுத்துக் காட்டினார். உள்ளே, கடற்பஞ்சு போன்ற பகுதியில், மெல்லிய எலும்பு இழைகள் வில்லாக வளைந்து ஒன்றையொன்று குறுக்கிட்டுச் சென்றன. பாலங்கள் கட்டும் கலையில் வல்லவரான பேராசிரியர் கார்ல் குல்மான் அதைக் கண்டார். வளைந்த பாரந்தூக்கி ஒன்று சுமையைத் தாங்கும்போது, அதனுள் அழுத்தமும் இழுவிசையும் செல்லும் கோடுகளும் இப்படித்தான் இருக்கும்! சுமைக்கேற்ப எலும்பு தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று 1892-இல் ஜூலியஸ் வொல்ஃப் என்ற ஜெர்மானிய மருத்துவர் ஒரு நூலே எழுதினார். அவருடைய கணக்குகள் எல்லாம் சரியல்ல என்று பின்னர் தெரிந்தது. அடிப்படைக் கருத்து மட்டும் நிலைத்துவிட்டது.

எலும்புக்குள் பழையதை அரித்து எடுக்கும் செல்கள் உண்டு. புதியதைக் கட்டும் செல்களும் உண்டு. எலும்பு சிறிதளவு வளைவதை உணர்ந்து இவற்றுக்குச் செய்தி அனுப்பும் செல்கள் வேறு இருக்கின்றன. சிறு வயதிலிருந்தே டென்னிஸ் ஆடியவர்களுக்கு, மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மறு கையைவிடத் தடித்திருக்கிறது. விண்வெளி நிலையத்திலோ எடையே தெரியாது, சுமை இல்லை. இடுப்புப் பகுதி எலும்பில் மாதம் 1 முதல் 1.5 சதவீதம் குறைந்துவிடுகிறது. அதனால்தான் விண்வெளி வீரர்கள் தினமும் ஏறக்குறைய 2 மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள்.

வயதான பாட்டிமார் கால் தடுக்கி விழுந்ததும் 'இடுப்பு ஒடிந்துவிட்டது' என்கிறோமே, பெரும்பாலும் ஒடிவது மேயர் அறுத்துக் காட்டிய அந்தத் தொடையெலும்பின் மேல்முனைதான். முதுமையில் அரிக்கும் வேலை மிஞ்சி, கட்டும் வேலை பின்தங்கி, இழைகள் மெலிந்துபோகின்றன.

உங்கள் கதை வேறு. வளர்ந்த மனிதரின் எலும்புத் தாதுவில் ஏறக்குறைய கால் பங்கு, விடலைப் பருவத்தில் விறுவிறுவென்று உயரும் அந்த இரண்டே ஆண்டுகளில் சேர்கிறது. உங்களில் பலருக்கு அது இப்போதுதான் நடந்துகொண்டிருக்கிறது. ஓட்டம், கயிறு தாண்டுதல், கபடி எல்லாம் எலும்புக்குச் செய்தி அனுப்பும். நீச்சல் இதயத்துக்கு நல்லதுதான். ஆனால் தண்ணீர் உங்களைத் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு அங்கே அதிக வேலை இல்லை.