களரி ஏறுமுன்

இலக்கியத் தொடரிலே விண்ணப்பப் படிவத்தைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். முத்தமிழில் ஒன்று நாடகத் தமிழ். அதனைப் பட்டப்படிப்பாகப் பயில விரும்பும் பிள்ளை எந்த வாசலால் உள்ளே போவது என்பதும் தமிழாசிரியனின் கவலைதான்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நன்றாக நடிக்கக்கூடிய மாணவி ஒருத்தி என்னிடம் படித்தாள். உயர்தரத்தில் சித்தியடைந்ததும் பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்ப நானே உதவினேன். அவள் விரும்பிய துறைக்குத் தனியான தேர்வு ஒன்று உண்டென்பதும், அதற்கு வேறாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாது. கையேட்டிலே அச்சாகியிருந்த செய்திதான். அந்தப் பக்கத்தை நான் படிக்கவில்லை. திகதி கடந்த பின்னரே விஷயம் தெரிந்தது. “பரவாயில்லை சேர்” என்றாள். அந்தச் சொல் இன்றும் என்னைக் குத்துகிறது.

ஆகவே நடைமுறையை விளக்குகிறேன். எமது நாட்டில் நாடகமும் அரங்கியலும் க.பொ.த. உயர்தரப் பாடமாக இருக்கிறது. அதனைத் தமிழில் பட்டப்படிப்பாகப் பயில யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், கல்லடியில் அமைந்த கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் வாய்ப்பு உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டைப் பார்த்துப் பொது விண்ணப்பத்தில் துறையை விருப்ப ஒழுங்கிற் குறிப்பது முதற்படி. உளச்சார்புத் தேர்வு அல்லது செயன்முறைத் தேர்வு வேண்டப்படும் துறையாயின், நிறுவனம் வெளியிடும் அறிவித்தலைக் கவனித்து அதற்கும் தனியே விண்ணப்பிப்பது இரண்டாம் படி. ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் இசட் புள்ளி எவ்வளவு உயர்ந்திருந்தாலும் பயனில்லை. விதிகள் மாறக்கூடியவை. அந்தந்த ஆண்டுக் கையேட்டையே நம்புங்கள்.

டில்லியிலுள்ள தேசிய நாடகப் பள்ளியிலே நடிப்பு ஒரு சிறப்புப் பிரிவு. வடிவமைப்பும் நெறியாள்கையும் இன்னொரு பிரிவு. எம்மிடத்தில் எல்லாம் ஒரே பாடத்தின் பெயருக்குள் அடங்குகின்றன. இருந்தாலும், தான் நடிகனா அரங்கை அமைப்பவனா என்று மாணவன் தன்னையே கேட்டுக்கொள்வது நல்லது. இரண்டுக்கும் எம் மரபிலேயே வழிகாட்டல் இருக்கிறது.

நடிப்பை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்புக் கூத்திலே ‘சட்டங்கொடுத்தல்’ என்றொரு நிகழ்வு உண்டு. அண்ணாவியார் ஒருவனின் குரல், உடல்வாகு, தாளக்கட்டு எல்லாவற்றையும் பார்த்து இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று தீர்மானித்து, அவரவர் பாட்டுக்கும் வசனத்துக்குமுரிய சட்டத்தைக் கையிலே கொடுப்பார். இன்றைய செயன்முறைத் தேர்வு ஏறத்தாழ இதுதான். அன்றைக்கே முடிந்த நடிகனாக நிற்க வேண்டும் என்று அண்ணாவியார் எதிர்பார்ப்பதில்லை. பழக்கினால் வருவானா என்றுதான் பார்க்கிறார். எனவே ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரு சிறு பகுதிகளை ஆயத்தம் செய்யுங்கள். ஒன்று கூத்துப் பாட்டாக இருந்தால் மற்றது இன்றைய பேச்சுமொழி நாடகமாக இருக்கட்டும். சினிமா நடிகரைப் போலச் செய்து காட்டாதீர்கள். “இதையே கோபமில்லாமற் செய்” என்று தேர்வாளர் சொன்னால் மாற்றிச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும்.

அரங்க அமைப்புக்குச் சிலப்பதிகார அரங்கேற்று காதையை விடச் சிறந்த முதற்பாடம் எனக்குத் தெரியவில்லை. எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம் என்று அளவு. புகவும் போகவும் இரு வாயில்கள். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள். தூண்களின் நிழல் அவையிலும் அரங்கிலும் விழாதபடி விளக்கு. அதிலே கடைசியாகச் சொன்னது இன்றைய ஒளியமைப்பாளனும் தீர்க்க வேண்டிய பிரச்சினை.

இந்தப் பகுதியை வகுப்பிலே படிப்பித்தபின் ஒரு மாணவன் பலகையால் அந்த அரங்கைச் செய்து கொண்டுவந்தான். ஒரு கோலுக்கு 3 அங்குலம். ஆகவே 24 அங்குல நீளம், 21 அங்குல அகலம், 3 அங்குல உயரம். தகப்பனார் தச்சுத் தொழிலாளி. ‘டோர்ச்’ வெளிச்சத்தை ஒவ்வொரு பக்கமாகப் பிடித்துப் பார்த்து, நிழல் விழுந்த இடங்களைக் கொப்பியில் வரைந்திருந்தான். பிழைத்த வரைபடங்களையும் கிழிக்காமல் ஒரு கோவையிற் சேர்க்கச் சொன்னேன். முடிவு மட்டும் இருந்தால் வேறொருவர் செய்ததா என்ற ஐயம் எழும். பிழையும் திருத்தமும் சேர்ந்திருந்தால் பிள்ளை யோசித்த விதம் தெரியும்.

தகப்பனார் ஒருநாள் பாடசாலைக்கு வந்தார். “ஏன் மாஸ்டர், இவ்வளவு படிப்பிச்சுப்போட்டு இவனைக் கூத்தாடவோ விடுறது?” என்று கேட்டார். கோபத்தை விடப் பயமே அதில் இருந்தது. 1926இல் விபுலாநந்த அடிகள் ‘மதங்க சூளாமணி’ எழுதியதையும், பேராதனையிலே பேராசிரியர் வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ என்று கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்ததையும் சொன்னேன். அவர் கேட்டது சோற்றைப் பற்றி. நாடகம் பாடசாலைப் பாடம் என்பதால் ஆசிரியத் தொழிலுக்கு வழியுண்டு. உடனே கிடைக்கும் என்று நான் உறுதி தரமாட்டேன் என்றேன். உண்மையை மறைத்துப் பிள்ளையை அனுப்புவது இன்னொரு பிழையாகிவிடும்.

மேசையிலிருந்த மாதிரி அரங்கை அவர் தூக்கிப் பார்த்தார். ஒரு மூலையை விரலால் தடவி, “இந்தப் பொருத்து சரியில்லை, நான் காட்டித் தாறன்” என்று மகனிடம் சொன்னார். அவ்வளவுதான். படிவம் போயிற்று. இம்முறை இரண்டு திகதிகளையும் என் நாட்குறிப்பிலே சிவப்பு மையால் எழுதிவைத்தேன். தேர்வுக்கு அழைப்பும் வந்தது. அதற்குமேல் அவன் திறமையும் தேர்வாளர் தீர்ப்பும்.

உங்கள் வீட்டிலும் ஆடப் பாட விரும்பும், அல்லது திரைக்குப் பின்னாலே நின்று விளக்குப் பிடிக்க விரும்பும் பிள்ளை இருக்கலாம். தடுப்பதானாலும் விடுவதானாலும் முதலில் அந்தக் கையேட்டை ஒருமுறை முழுவதும் படித்துவிடுங்கள். நான் படிக்கத் தவறிய பக்கம் அதிலே இருக்கிறது.