பின்கண்ணாடி ஒழுகினால் சரக்குக்கு ஆபத்து

கடைக் கூரை ஒழுகினால் அன்றைக்கே ஆள் விட்டு ஓடு மாற்றி விடுகிறோம். சரக்கு ஏற்றி வரும் வண்டியின் பின்கண்ணாடி ஒழுகினால் மட்டும், அடியில் ஒரு சாக்கை விரித்துப் போட்டுவிட்டு அடுத்த மழை வரை மறந்து விடுகிறோம். நாமும் அப்படி இருந்தவர்தாம். அதில் பட்ட நஷ்டத்தையும் கற்றுக்கொண்ட பாடத்தையும், பழைய எஸ்டேட் காரையோ ஆம்னி வேனையோ விடாமல் வைத்திருக்கும் நம் வணிக நண்பர்களுக்காக எழுதுகிறோம்.

நம் மாவட்டத்துக்கு மழை இரண்டு முறை. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து சாரல். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்றோடு வரும் மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் அடிக்கும். போதாததற்குக் கடலின் உப்புக் காற்று வேறு. பழைய தகரத்துக்கு இதைவிடப் பகை கிடையாது.

சில வருஷங்களுக்கு முன் ஓர் ஐப்பசியில் திருநெல்வேலியிலிருந்து சீனி இரண்டு மூட்டை, மிளகாய் வத்தல், சில்லறைச் சாமான்கள் ஏற்றி வந்தோம். காவல்கிணறு தாண்டியதும் மழை. கோட்டாறு வந்து பின்கதவைத் திறந்தால் சீனி மூட்டையின் அடிப்பாகம் பாகாகக் கசிந்து கிடக்கிறது. வத்தல் மூட்டை மேலே உலர்ந்துதான் இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பிரித்தபோதுதான் உள்ளே பூசணம் தெரிந்தது. நனைந்த வத்தலையும் நிலக்கடலையையும் காயவைத்து விற்றுவிடலாம் என்று நினைப்பது தவறு. அந்தப் பூசணத்தில் உண்டாகும் நச்சு வெயிலில் போட்டாலும் போகாது. அவ்வளவையும் கொட்டினோம்.

அப்புறம் செய்ததுதான் பெரிய தவறு. ஒரு குழாய் சிலிக்கான் பசை வாங்கி, கண்ணாடியைச் சுற்றி வெளிப்பக்கம் பட்டையாகப் பூசிவிட்டோம். ஒரு மாதம் ஒழுகவில்லை; நமக்குப் பெருமை. அடுத்த சாரலில் முன்னைவிட அதிகமாக ஒழுகியது. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தபோது கீழ்விளிம்புத் தகரம் கையோடு உதிர்ந்தது. பூசிய பசை உள்ளே புகுந்த தண்ணீரை வெளியே போகவிடாமல் அடைத்து வைத்திருந்தது. அதிலும் புளிக்காடி வாடை அடிக்கும் ரகம் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். வெறும் இரும்பில் பட்டால் துருவை அதுவே வளர்க்கும்.

விஷயம் இதுதான். அம்பாசடர், ஆம்னி போன்ற வண்டிகளில் கண்ணாடியைப் பிடித்திருப்பது ஒரு ரப்பர் பீடிங். அதன் ஒரு காடியில் கண்ணாடி உட்காரும், மறு காடி வண்டித் தகரத்தின் விளிம்பைக் கவ்வும். வெயிலில் காய்ந்து காய்ந்து ரப்பர் இறுகிச் சுருங்கும். முதலில் மூலைகளில் விலகும். பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் கண்ணாடி ஆடும். ஆடுகிற கண்ணாடி தகரத்தின் பெயிண்டைத் தேய்க்கும், அங்கே துரு பிடிக்கும், துரு பருத்து ரப்பரை இன்னும் தள்ளும். ஒழுகுவது கண்ணாடியின் குற்றமல்ல. பழுது ரப்பரிலும் அதன் மறைவில் இருக்கும் தகரத்திலும்.

ஆனால் தண்ணீர் தேங்கும் இடமும் அது நுழையும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. கண்ணாடி என்று நாம் நினைப்பது பின்விளக்கின் ரப்பராகவோ, பின்கதவைச் சுற்றியுள்ள ரப்பராகவோ இருக்கலாம். எனவே பட்டறைக்குப் போகுமுன் வீட்டிலேயே பார்த்துவிடலாம். மிதியடிகளை எடுத்து உள்ளே நன்றாகத் துடைத்து உலர்த்தி, கண்ணாடிக்குக் கீழே முகப்பவுடரைத் தூவுங்கள். ஒருவர் டார்ச்சுடன் உள்ளே இருக்கட்டும். மற்றவர் ஹோஸ் குழாயில் தண்ணீரை மெதுவாக விட வேண்டும், கீழ்விளிம்பில் தொடங்கி, பிறகு பக்கங்கள், கடைசியில் மேல்பக்கம். ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிஷமாவது பொறுக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து, எது வழி என்று தெரியாமல் போகும். பவுடரில் விழும் கோடு வழியைக் காட்டிக் கொடுக்கும்.

கண்ணாடிதான் என்று தெரிந்தால் கழற்றித்தான் ஆக வேண்டும். பின்கண்ணாடி பெரும்பாலும் டஃபன்டு கண்ணாடி. நடுவில் அழுத்தினால் தாங்கும், ஓரத்தில் ஸ்பேனர் பட்டால் கல்கண்டுபோல் பொடியாகிவிடும். பழைய ரப்பரைக் காப்பாற்றப் பார்க்காமல் பிளேடால் அறுத்து எடுப்பதே நல்லது. பிறகு விளிம்பில் உள்ள துருவை வெள்ளைத் தகரம் தெரியும்வரை சுரண்டி, பிரைமர் அடித்து, பெயிண்ட் அடித்து, முழுக்கக் காயவிட வேண்டும். தகரம் ஓட்டை விழுந்திருந்தால் டிங்கரிங் ஆள் புதுத் துண்டு வைத்து வெல்டு செய்ய வேண்டும். பட்டி பூசி மூடுவது கண்துடைப்பு. நம் வண்டியில் இந்த வேலைக்குத்தான் நாளும் பணமும் பிடித்தது. முதல் ஒழுக்கிலேயே பார்த்திருந்தால் ரப்பரோடு போயிருக்கும்.

மாட்டும் விதம் பார்க்க வேடிக்கையாக இருக்கும். புது பீடிங்கைக் கண்ணாடியில் சுற்றிப் போட்டு, தகரத்தைக் கவ்வும் காடிக்குள் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதித்து, இரண்டு முனையும் கீழே தொங்கும்படி விடுவார்கள். சோப்புத் தண்ணீர் தடவி வெளியிலிருந்து ஒருவர் கண்ணாடியை அழுத்த, உள்ளிருந்து மற்றவர் கயிற்றை மெல்ல இழுப்பார். கயிறு வரவர ரப்பரின் உதடு தகரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எளிதாக வழுக்கும் என்று கிரீஸோ எஞ்சின் ஆயிலோ தடவச் சம்மதிக்காதீர்கள். ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். காடிக்குள் சீலண்ட் வைப்பதானால் இறுகாமல் களிபோலவே இருக்கும் ரகம் வேண்டும். பிற்கால வண்டிகளில் கண்ணாடியை யூரித்தேன் பசையால் ஒட்டியிருப்பார்கள். அது கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேறு வேலை.

சரக்கைவிடப் பெரிய விஷயம் ஒன்று. எஸ்டேட், வேன் போன்ற வண்டிகள் ஓடும்போது பின்பக்கம் காற்றழுத்தம் குறைந்து, சைலன்சர் புகை வண்டியின் முதுகை ஒட்டிச் சுழலும். தண்ணீர் நுழையும் சந்தில் அந்தப் புகையும் நுழையும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மழைக்காகக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஓட்டும்போது தலைவலியும் மயக்கமும் வந்தால், தூக்கக் கலக்கம் என்று நினைத்து டீ குடிக்காமல், உடனே ஓரங்கட்டி எல்லாக் கதவையும் திறந்து வெளியே வந்துவிட வேண்டும். வண்டியைப் பார்க்காமல் மறுபடி ஏறக் கூடாது. சரக்குக்காகப் பின்கதவைப் பாதி திறந்து கயிறு கட்டி ஓட்டும் வழக்கத்திலும் இதே ஆபத்து உண்டு.

புது ரப்பர் மாட்டிய வண்டியை முதல் இரண்டு மழைக்குப் பிறகு மறுபடி பவுடர் தூவிப் பாருங்கள். அதுவரை சீனியையும் வத்தலையும் முன்பக்கம், பலகைச் சட்டத்தின் மேல் ஏற்றுங்கள். பின்பக்கம் எண்ணெய் டின்னும் சோப்புப் பெட்டியும் வரட்டும். சோப்புப் பெட்டிக்குத் தார்ப்பாய் போட மறக்க வேண்டாம்.