நம்மைப் பிறர் பார்க்க ஒரு பல்பு

ரதசப்தமி அன்று திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்காகக் கலசப்பாக்கம் செய்யாற்றுக்கு வருவார். அன்று சாலையோரம் வண்டிகள் வரிசையாக நிற்கும். பொழுது சாய்ந்தபின், தூரத்தில் வருகிற ஓட்டுநருக்கு அவை எப்படித் தெரியும்?

அதற்குத்தான் பார்க்கிங் லைட். ஹெட்லைட் பல்பு 55, 60 வாட் எரியும். நாம் சாலையைப் பார்க்க அது வேண்டும். பார்க்கிங் லைட்டுக்குப் பெரும்பாலும் 5 வாட் பல்பே போதும். ஏனென்றால் அது மற்றவர்கள் நம்மைப் பார்ப்பதற்கான விளக்கு. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. சிவப்பைப் பார்த்தாலே அது வண்டியின் பின்பக்கம் என்று ஓட்டுநருக்குத் தெரிந்துவிடும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். ஓட்டுநர் பார்த்து, உணர்ந்து, பிரேக்கில் கால் வைக்கவே ஒரு நொடிக்கு மேல் ஆகும். ஆகவே அந்தச் சின்ன வெளிச்சம் எவ்வளவு தொலைவிலேயே கண்ணில் படுகிறதோ, அவ்வளவு நல்லது.

சரி, பல்பு ஏன் ‘ஃபியூஸ்’ போகிறது? உள்ளே இருப்பது டங்ஸ்டன் கம்பி இழை. இந்த உலோகம் உருக 3,400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். பல்பு எரியும்போது இழை 2,000 டிகிரியையும் தாண்டிக் காய்கிறது. உருகாவிட்டாலும், அதன் அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் கண்ணாடியில் படிகின்றன. பழைய பல்பின் உட்புறம் கறுத்திருப்பது அதனால்தான். இழை மெலிந்த இடம் இன்னும் அதிகமாகச் சூடாகும், இன்னும் வேகமாகத் தேயும். சுவிட்சைப் போடும் கணத்தில்தான் பெரும்பாலும் அது அறுந்துபோகும். குளிர்ந்த இழைக்கு மின்தடை மிகக் குறைவு. மின்சாரம் சட்டென்று ஏராளமாகப் பாய்ந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்: ஒரு சாதாரண பல்புக்குள் இத்தனை இயற்பியல்!

பல கார்களின் பின்விளக்கில் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு. 5 வாட் இழை பார்க்கிங் லைட்டுக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. கடையில் இதை ‘டபுள் காண்டாக்ட்’ பல்பு என்பார்கள். அதன் அடிப்பகுதியின் இரு பக்கமும் உள்ள சின்னக் குமிழ்கள் வேறு வேறு உயரத்தில் இருக்கும். பக்கம் மாற்றி மாட்ட முயன்றால் ஹோல்டரில் உட்காராது. யாரோ யோசித்துச் செய்த அழகான ஏற்பாடு!

பல்பை மாற்றுவது பெரியவர்கள் வேலை. நீங்கள் டார்ச் பிடியுங்கள். முதலில் விளக்கை அணைத்து, சூடு ஆறவிட வேண்டும். பழைய பல்பில் எழுதியுள்ள அதே வோல்ட், அதே வாட் பல்பையே வாங்க வேண்டும். ஹெட்லைட்டின் ஹாலஜன் பல்பாக இருந்தால் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது. விரலின் எண்ணெய்ப்பசை ஒட்டிய இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி, பல்பு சீக்கிரம் கெட்டுவிடும். எல்.இ.டி. விளக்குள்ள புதிய கார்களில் பல இடங்களில் தனி பல்பு கிடையாது. முழு விளக்கையே மாற்ற வேண்டியிருக்கும்.

இன்னொரு கணக்கு. ஐந்து வாட் பல்புகள் நான்கு, நம்பர் பிளேட்டுக்கு ஒன்று: மொத்தம் 25 வாட். அதை 12 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 2 ஆம்பியர். இரவு முழுக்க, பத்து மணி நேரம் எரியவிட்டால் 20 ஆம்பியர்-மணி காலி! 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதிக்கு மேல் போய்விடும். காலையில் வண்டி கிளம்பாமல் அடம்பிடிக்கலாம். வீட்டு வாசலில் நிறுத்தினால் அணைத்துவிடுங்கள். சாலையில் நிற்க நேர்ந்தால் எரியட்டும்.

நம் ஊர்ப்பக்கம் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் இரவிலும் போகும். டிரெய்லரின் பின்விளக்கைக் கரும்பு மறைத்துவிட்டால், பின்னால் வருபவருக்கு வெறும் இருட்டுதான் தெரியும். இது உயிர் போகும் விஷயம். உங்கள் வீட்டில் டிராக்டரோ காரோ இருந்தால், இன்று மாலையே அப்பாவைப் பார்க்கிங் லைட்டைப் போட்டு, பிரேக்கையும் மிதிக்கச் சொல்லிவிட்டு, பின்னால் நின்று பாருங்கள். ஒரு பல்பு எரியவில்லையென்றாலும், மாற்றிய பிறகே இரவில் வண்டியை எடுக்கச் சொல்லுங்கள். டிரெய்லருக்குப் பின்னால், கரும்பு மறைக்காத இடத்தில் ஒளியைப் பிரதிபலிக்கும் சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்டச் சொல்லுங்கள்.