உணவு ஒவ்வாமை: பெரியவர்களும் அறிய வேண்டுவது

"முப்பது ஆண்டுகளாக உண்டு வந்த இறால் இன்று நம்மை என்ன செய்துவிடும்?" என்று கேட்பவர் நம் அங்கத்தினரிடையே உண்டு. ஒவ்வாமை குழந்தைகளுக்கே உரியது என்பது தவறான எண்ணம். நடுத்தர வயதிலும் அது புதிதாகத் தோன்றலாம். இறால், நண்டு, மீன், நிலக்கடலை, எள், முந்திரி, கோதுமை ஆகியவை அதற்குக் காரணமாகும் உணவுகளுள் முக்கியமானவை.

பிரெஸ்லௌ நகரில் கியூஸ்ட்னர் என்னும் மருத்துவருக்கு வேகவைத்த மீன் ஒவ்வாது. அவருடைய இரத்தத்தினின்று பிரித்த தெளிநீரைப் பிரௌஸ்னிட்ஸ் என்னும் அறிஞர் தம் வயிற்றுத் தோலில் செலுத்திக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாரத்தைச் செலுத்தவே, தோல் தடித்துச் சிவந்தது. 1921ஆம் ஆண்டில் வெளியான இச்சோதனை, ஒவ்வாமையின் வித்து இரத்தத்திலேயே உள்ளதெனக் காட்டிற்று. நோயைத் தடுக்க வேண்டிய உடற்காப்பு ஆற்றல், உணவையே பகையாகக் கருதிவிடுகிறது.

பால் அருந்தினால் வயிறு உப்புதல் வேறு. பாற்சர்க்கரை செரியாமையே அதன் காரணம். அது துன்பம் தருமேயன்றி உயிருக்குக் கேடன்று. அத்தகையோர் பலருக்கு மோர் ஒத்துக்கொள்ளும். மெய்யான ஒவ்வாமையிலோ சிறிதளவும் ஆபத்தாகலாம். செக்கில் ஆட்டிய கடலெண்ணெயில் கடலையின் புரதம் தங்கியிருக்கும். கடலை ஒவ்வாதோர் அதனையும் விலக்க வேண்டும். கோதுமை உணவு உண்டவுடன் கடின உழைப்பில் இறங்கினால் மட்டும் ஒவ்வாமை எழுவோரும் உளர்.

உண்ட சில நிமிடங்களிலோ, இரண்டு மணி நேரத்திற்குள்ளோ உடல் தடித்தல், உதடு வீங்குதல், வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம் தோன்றுமாயின் தாமதித்தலாகாது. தொடைத் தசையில் இடும் அட்ரினலின் ஊசியே முதல் மருந்து. அரிப்பை அடக்கும் மாத்திரையை நம்பிக் காத்திருத்தல் கூடாது. மயங்குபவரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துக. மூச்சுத் திணறுபவர் அமர்ந்திருக்கலாம். எவரையும் நடத்திச் செல்லாமல், வண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. பின்னர் மருத்துவரிடம் சோதித்து, எவ்வுணவு ஆகாதென உறுதி செய்துகொள்க. ஐயத்தினால் மட்டும் பல உணவுகளை ஒதுக்கி உடல் மெலிதலும் தவறே.

சங்கக் கூட்டங்களில் நாம் ஒரே பந்தியில் அமர்ந்து உண்கிறோம். சமையற்காரரிடம் முன்னதாகக் கேட்டறிவதில் நாணமில்லை. "எனக்கு இது ஒவ்வாது" என்று ஓர் அங்கத்தினர் கூறினால், வற்புறுத்திப் பரிமாறாதிருப்பதே நாம் அவருக்குச் செய்யும் உபசாரம்.