நானோ, நுண், மீநுண்: ஒரு முன்னொட்டின் பொருளெல்லை

1. முன்னுரை

ஓர் அறிவியல் துறை ஒரு மொழிக்குள் புகும்போது முதலில் வந்து சேர்வன அதன் பெயரும் அளவுகளுமே ஆகும். அணுக்களின் அளவை நெருங்கிப் பொருள்களைக் கையாளும் தொழில்நுட்பத்தைக் குறிக்கத் தமிழில் நானோ, நேனோ, நுண், மீநுண் ஆகிய முன்னொட்டுகள் ஆளப்பட்டு வருகின்றன. இவற்றுள் எதைக் கொள்வது என்பது சொல்லழகு பற்றிய வினாவன்று. உரப்புட்டியின் மேலுள்ள குறிப்பையும் மருந்து விளக்கத்தையும் படிப்பவர் பொருளைப் பிழையின்றி உணர்கிறாரா என்பதே இங்கு வினா. அந்நோக்கில் இம்முன்னொட்டுகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. கருத்தும் பெயரும்

கிரேக்கத்தில் குள்ளனைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த நானோ, 1960இல் பன்னாட்டு அலகு முறையில் நூறு கோடியில் ஒரு பங்கைக் குறிக்கும் முன்னொட்டாக ஏற்கப்பட்டது. துறையின் பெயரை 1974இல் ஜப்பானிய அறிஞர் நோரியோ தானிகுச்சி ஆண்டார். 1959இல் ரிச்சர்டு ஃபெய்ன்மன் ஆற்றிய உரை இத்துறைக்கு முன்னோடியாகக் கருதப்படினும் அவ்வுரையில் இப்பெயர் இடம்பெறவில்லை. கருத்து முன்னும் பெயர் பின்னுமாகத் தோன்றியமை நோக்கத்தக்கது.

ஏறத்தாழ 1 முதல் 100 நானோமீட்டர் வரையிலான அளவே இத்துறையின் எல்லை. ஆயினும் சிறுமை மட்டுமே இதன் இலக்கணமன்று. இவ்வெல்லைக்குள் பொருளின் பண்பே மாறுகிறது. மஞ்சளாகத் தோன்றும் பொன், நானோதுகள்களாக நீரில் விரவி நிற்கும்போது சிவப்பாகத் தோன்றும். குவாண்டம் புள்ளிகள் எனப்படும் குறைகடத்தித் துகள்கள் தம் அளவுக்கேற்ப வெவ்வேறு நிற ஒளியை உமிழ்கின்றன. அவற்றைக் கண்டறிந்து உருவாக்கியமைக்கே 2023ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. எனவே, 'மிகச் சிறிய' என்று மட்டும் பொருள்தரும் சொல் கருத்தின் ஒரு பாதியையே உணர்த்தும்.

3. நுண் என்பதன் இடர்ப்பாடு

நுண் என்னும் அடை நுண்ணுயிர், நுண்ணோக்கி முதலிய சொற்களில் 'மைக்ரோ' என்பதற்கு நிகராக ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. காற்றுமாசு பற்றிய எழுத்துகளில் 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குட்பட்டதுமான துகளை நுண்துகள் என்பர். 2.5 மைக்ரோமீட்டர் 2,500 நானோமீட்டருக்குச் சமம். அதாவது நானோ எல்லையின் மேல்வரம்பைப் போல் 25 மடங்கு. இரண்டையும் நுண்துகள் என்றே வழங்கினால் வேறுபாடு மறைந்துவிடும்.

வேளாண்மையில் இக்குழப்பம் மேலும் கூர்மையடைகிறது. துத்தநாகம், இரும்பு முதலியவற்றை நுண்ணூட்டச் சத்துகள் என்பது உழவர் அறிந்த வழக்கு. யூரியா தருவதோ பேரூட்டச் சத்தாகிய தழைச்சத்து. 2021இல் இந்தியாவில் அறிமுகமான நீர்ம நானோ யூரியாவை 'நுண்யூரியா' எனப் பெயர்த்தால், அதனை நுண்ணூட்ட உரமாக உழவர் கருத இடமுண்டு.

4. மீநுண், குறள்

மீ என்பது மீயொலி என்பதிற்போல 'மிகுந்த, எல்லை கடந்த' என்னும் பொருள்தரும். ஆகவே மீநுண் என்பது அளவின் மிகுதியை உணர்த்துமேயன்றிக் குறிப்பிட்ட ஓர் எல்லையை வரையறுக்காது. அன்றியும், மீநுண்தொழில்நுட்பம் என்னும் தொடரில் நுண் என்னும் அடி இருமுறை வருகிறது. முதலில் சிறுமையையும் பின்னர்த் திறனையும் உணர்த்துகிறது. கிரேக்கப் பொருளைத் தழுவிக் 'குறள்நுட்பம்' என ஆக்கலாமெனின், அது திருவள்ளுவரின் நூலையே நினைவூட்டும்.

5. நானோ: ஒலியும் புணர்ச்சியும்

நானோ, நேனோ இரண்டுமே தமிழ் எழுத்துகளுக்கு இயைந்தவை. நேனோ ஆங்கில ஒலிப்பைத் தழுவியது. நானோ மூல எழுத்துவடிவைத் தழுவியது. பின்னதற்குத் தமிழில் ஓர் ஒப்புருச் சொல் உண்டு: 'நான்' என்னும் பெயர் ஓகார இடைச்சொல் பெற்றும் நானோ என்றாகும். எனினும், அவ்வடிவம் பெயர்ச்சொல்லோடு ஒட்டி அதற்கு அடையாக வாராமையின் மயக்கம் நேராது.

நானோ துகள், நானோத்துகள், நானோதுகள் என மூவகையாக எழுதுவதைக் காண்கிறோம். நானோமீட்டர், நானோகிராம் ஆகியவை போலப் பிற கலைச்சொற்களையும் ஒற்று மிகாமல் சேர்த்தெழுதுவது ஒருமையைக் காக்கும். உயிர்முதற் சொல் வருமிடத்து, நானோ அளவு என இடைவெளி விடலாம்.

6. பொருளும் கருவியும்

முன்னொட்டைத் தீர்மானித்தலோடு பணி முடிவதில்லை. 'கரிம நானோகுழாய்' என்பதில் கரிமம் கார்பனையும் குறிக்கும். கரிம வேதியியல் என்பதிற்போல வேறொரு வகைச் சேர்மங்களையும் குறிக்கும். இவ்விடத்துக் கார்பன் நானோகுழாய் என்பதே தெளிவு.

கெர்டு பின்னிக், ஹைன்ரிச் ரோரர் ஆகியோர் 1981இல் சூரிச்சில் உருவாக்கிய கருவியின் பெயரும் இத்தகையது. கூரிய ஊசிமுனை, மின்கடத்தும் பரப்பைத் தொடாமல் மிக நெருங்கி வருடிச் செல்லும். இடைவெளியைக் கடந்துவரும் எலக்ட்ரான்களின் மின்னோட்டத்தைக் கொண்டு பரப்பின் வடிவம் கணிக்கப்படும். அக்கடத்தலைச் 'சுரங்கம்' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் துளையிடுதல் என்னும் பொருள் தோன்றும். எலக்ட்ரான் எதையும் துளைப்பதில்லை. தடையைத் தாண்டப் போதிய ஆற்றலின்றியும் அது மறுபுறம் சேர்கிறது. எனவே 'தடையூடுருவல்' என்பது ஏற்புடைத்து.

7. முடிவுரை

மைக்ரோ நிலைக்கு நுண், நானோ நிலைக்கு நானோ என வரையறுத்துக் கொள்வதால் அலகுப் பெயரும் கலைச்சொல்லும் ஒன்றுபடும். பிறமொழி முன்னொட்டை ஏற்பது தமிழாக்கத்தைக் கைவிடுவதாகாது. குழாய், துகள், வருடல், ஊடுருவல் எனச் செயலையும் வடிவையும் சுட்டும் சொற்களைத் தமிழே தருகிறது. அளவைக் கடன்பெற்றுப் பொருளைத் தமிழில் விளக்குவதே மொழிபெயர்ப்பாளர் கொள்ளத்தக்க நெறி எனலாம்.