வண்டியும் பாதையும்



செங்கலடிச் சந்தியிலே பதுளை வீதி வந்து சேர்கின்றது. அறுவடைக் காலத்தில் நெல்லேற்றிய லொறி பெருவீதியில் விரைந்தோடும். வயலோரத்து ஒழுங்கையில் இறங்கினாலோ ஊர்ந்தே செல்லும். குறை லொறியினது அன்று, பாதையினது.

மேசைக் கணினியிற் பொருத்தும் எஸ்.எஸ்.டி. என்னும் திண்மநிலைச் சேமிப்பகத்தின் நிலையும் இதுவே. இதிற் சுழலும் தட்டு இல்லை. மின்னணுச் சில்லுகளே தரவைக் காக்கின்றன. பழைய வன்தட்டு செக்கனுக்கு ஏறத்தாழ 150 மெகாபைற்று தரும். 2009 ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் தலைமுறைச் சாட்டா இணைப்பில் எஸ்.எஸ்.டி. 550 வரை தரும். முந்திய தலைமுறை இணைப்பில் அதுவே 280 அளவில் நின்றுவிடும். தாய்ப்பலகையில் நேரே செருகும் என்.வி.எம்.இ. வகையோ, பாதையின் தலைமுறைக்கேற்ப 3,500, 7,000 என உயரும்.

ஆயினும், இவை பெருங்கோப்பொன்றைத் தொடர்ந்து படிக்கும் வேகங்கள். கணினியைத் தொடக்குவதும் பாடக்குறிப்பைத் திறப்பதும் சிறு கோப்புகள் பலவற்றைத் தேடியெடுக்கும் வேலை. அங்கே வன்தட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்தினாற் காணும் மாற்றம் மிகப் பெரிது. சாட்டாவை விடுத்து என்.வி.எம்.இ.க்கு மாறினாற் காண்பது சிறிது.

எங்கள் பாடசாலையின் பழைய கணினிகளுக்கு விலைகூடிய வகையையே வாங்க முனைந்தேன். பெட்டியைத் திறந்து பார்த்த மாணவி ஒருத்தி, "சேர், இதிலே அதைச் செருக இடமே இல்லை" என்றாள். சாட்டா வகையையே வாங்கினோம். மிஞ்சிய பணத்தில் மேலும் இரு கணினிகள் உயிர்பெற்றன.

வண்டியை விலைபேசுமுன் பாதையைப் பார்த்துக்கொள்வது நன்று.